உடைந்த ஸஹனின் துண்டுகள்: வக்பு வரலாற்றை நாம் சொல்லும் விதம் பற்றி ஒரு விமர்சனம்

சென்ற வருடம் எங்கள் பாடசாலையில் மீலாத் தினப் பேச்சுப் போட்டி நடந்தது. நடுவர்களில் நானும் ஒருத்தி. மேற்பிரிவுப் பிள்ளைகளுக்குக் கொடுத்த தலைப்பு 'இஸ்லாமிய நாகரிகத்தில் வக்பு'. ஒன்பது பேர் பேசினார்கள். அவர்களில் ஆறு பேர் ஒரே கதையைச் சொன்னார்கள். டமஸ்கஸ் நகரத்துத் தெருவில் ஒரு சிறுவன் பீங்கானைப் போட்டு உடைத்துவிட்டான். தேம்பித் தேம்பி அழுதான். அந்த ஊரில் உடைந்த பீங்கானுக்கென்றே ஒரு வக்பு இருந்தது. அவனுக்குப் புதுப் பீங்கான் கிடைத்தது. இப்படியொரு நாகரிகம் உலகில் வேறெங்கே உண்டு? ஆறு பேரும் அந்த இடத்தில் குரலை உயர்த்தினார்கள். சபையும் தக்பீர் சொன்னது.

போட்டி முடிந்து நாங்கள் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருக்கையில், பரிசு கிடைக்காத ஒரு பத்தாம் தரப் பிள்ளை என்னிடம் வந்தாள். "டீச்சர், அந்தப் பொடியன் ஆருட பீங்கானக் கொண்டு போனான்? ஒரு பீங்கான் உடைஞ்சதுக்கு என்னத்துக்கு அவ்வளவு பயப்படணும்?" என்று கேட்டாள்.

எனக்குப் பதில் தெரியவில்லை. இருபது வருடமாக நானும் அந்தக் கதையை வகுப்பில் சொல்லி வந்தவள்தான். கதை எங்கிருந்து வந்தது என்று தேடிப் பார்த்ததில்லை. அன்றிரவு தேடத் தொடங்கினேன். அந்தத் தேடலில் பிறந்ததுதான் இக்கட்டுரை. வக்பின் முழு வரலாற்றையும் சொல்லிவிட வேண்டும் என்ற எண்ணம் எனக்கில்லை. அந்த வரலாற்றை எங்கட மேடைகளிலும் மலர்களிலும் குத்பாக்களிலும் நாம் எப்படிச் சொல்லி வருகிறோம், சொல்லும்போது எதை விட்டுவிடுகிறோம் என்பதைத்தான் பார்க்க விரும்புகிறேன்.

கதையும் மூலமும்

கதையின் மூலம் இப்னு பதூதாவின் 'ரிஹ்லா'. தன்ஜா நகரில் 1304 இல் பிறந்து, 1325 இல் ஹஜ்ஜுக்கெனப் புறப்பட்டு, ஏறத்தாழ முப்பது வருடம் உலகம் சுற்றிய அதே இப்னு பதூதாதான். 1344 இல் எங்கட நாட்டுக்கும் வந்து, புத்தளத்தில் ஆரியச் சக்கரவர்த்தியைச் சந்தித்து, பாவாதமலை ஏறியவர். அவர் டமஸ்கஸுக்குள் நுழைந்தது ஹிஜ்ரி 726, ரமழான் 9 ஆம் நாள். அதாவது 1326 ஓகஸ்ட். அப்போது அவருக்கு இருபத்திரண்டு வயது.

டமஸ்கஸின் வக்புகளை அவர் முதலில் பட்டியலிடுகிறார். ஹஜ் செய்ய இயலாதவர்களுக்காக வேறொருவரை அனுப்பும் செலவுக்கு ஒரு வக்பு. சீர் கொடுக்க வழியில்லாத குடும்பத்துப் பெண்பிள்ளைகளைப் புகுந்த வீட்டுக்கு அனுப்பி வைக்க ஒரு வக்பு. சிறைப்பட்டவர்களை மீட்க ஒன்று. வழிப்போக்கர்களுக்கு உணவும் உடையும் ஊர் திரும்பும் செலவும் கொடுக்க ஒன்று. தெருக்களைச் செப்பனிட்டுக் கல் பதிக்க ஒன்று. டமஸ்கஸ் ஒழுங்கைகளில் இரு ஓரமும் நடப்பவர்களுக்கும் நடுப்பாதை சவாரி செய்பவர்களுக்கும் இருந்ததாம். அதையும் அவர் மறக்காமல் சொல்கிறார்.

இதற்குப் பிறகுதான் பீங்கான் வருகிறது. ஒரு நாள் ஒழுங்கையொன்றால் போகும்போது ஒரு சின்ன அடிமையைக் கண்டதாக எழுதுகிறார். அவன் கையிலிருந்து சீனத்துப் பீங்கான் தட்டு விழுந்து உடைந்தது. ஆட்கள் கூடினார்கள். கூட்டத்தில் ஒருவர், துண்டுகளைப் பொறுக்கிக்கொண்டு பாத்திரங்களுக்கான வக்பின் பொறுப்பாளரிடம் போ என்றார். பொடியன் பொறுக்கினான். அந்த மனிதரும் கூடவே போனார். பொறுப்பாளரிடம் துண்டுகளைக் காட்டினார்கள். அதே மாதிரியான தட்டொன்றை வாங்கப் போதுமான காசு கிடைத்தது. கதை அவ்வளவுதான். அதன் பிறகு இப்னு பதூதா தன் கருத்தைச் சொல்கிறார்: இது மிக நல்ல காரியம், ஏனென்றால் தட்டை உடைத்ததற்காக எசமான் அவனை அடித்திருப்பான், இல்லாவிட்டால் ஏசியிருப்பான், அவன் மனமும் உடைந்து போயிருக்கும்.

இதை எங்கட மேடைக் கதையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். மூலத்தில் அழுகை இல்லை, நாம் சேர்த்திருக்கிறோம். மூலத்தில் அடிமை இருக்கிறான். நாம் அவனைச் 'சிறுவன்' ஆக்கியிருக்கிறோம். மூலத்தில் எசமானின் அடி இருக்கிறது. நாம் அதை எடுத்துவிட்டோம். கண்ணீரைக் கூட்டி, கண்ணீருக்கான காரணத்தைக் கழித்துவிட்டோம். அந்தப் பத்தாம் தரப் பிள்ளையின் கேள்வி சரியாக இந்த ஓட்டைக்குள்தான் விரலை விட்டது. பீங்கான் எசமானுடையது. பயம் எசமானின் கையைப் பற்றிய பயம்.

இன்னொன்றும் மேடையில் விடுபட்டுப் போகிறது. உடைந்த துண்டுகளைப் பொறுக்கிக்கொண்டு போக வேண்டும். வெறுங்கையோடு போய் "எண்ட பீங்கான் உடைஞ்சிட்டு" என்றால் காசு கிடைத்திராது. பொறுப்பாளர் துண்டுகளைப் பார்க்கிறார். அதன் பிறகே கொடுக்கிறார். கூடப்போன மனிதரைக் கண்ட சாட்சி என்றும் கொள்ளலாம். இரக்கத்தைப் பற்றிய கதை என்று நாம் சொல்லி வரும் இதற்குள் ஒரு நிர்வாக ஒழுங்கும் இருக்கிறது. ஆதாரம், சாட்சி, பொறுப்பாளர், அளவான கொடுப்பனவு ஆகிய நாலும் அந்தச் சில வரிகளுக்குள் இருக்கின்றன. நாம் இரக்கத்தை மட்டும் எடுத்துக்கொண்டோம்.

'ஸஹன்' என்ற சொல்

அந்தத் தட்டுக்கு டமஸ்கஸ்காரர்கள் சொல்லும் பெயரையும் இப்னு பதூதா பதிந்து வைத்திருக்கிறார். அவர்கள் அதை 'ஸஹன்' என்பார்களாம். இந்த இடத்தில் என் கண் நின்றுவிட்டது. எங்கட கல்யாண வீட்டில், கத்தத்தில், ஆறு பேர் சுற்றியிருந்து ஒரே தட்டில் கை வைக்கும் அந்த ஸஹன்தான். சில ஊர்களில் 'சவன்' என்பார்கள். எழுநூறு வருடத்துக்கு முந்திய டமஸ்கஸ் தெருவில் உடைந்த பாத்திரத்தின் பெயர் எங்கட வீட்டுச் சாப்பாட்டுப் பாயில் இன்றும் கிடக்கிறது. 'பீங்கான்' என்ற சொல்லையும் நாம் சாதாரணத் தட்டுக்கே சொல்கிறோம். தமிழ்நாட்டில் அது களிமண் வகையின் பெயராகவே பெரிதும் நிற்கிறது. மேடையில் பேசிய ஆறு பேரில் ஒருவருக்காவது ஸஹன் என்ற சொல் கிடைத்திருந்தால், கதை சபைக்கு எவ்வளவு நெருங்கி வந்திருக்கும்! மூலத்தைப் படிக்காமல் கைமாறிக் கைமாறி வரும் கதையில் முதலில் தொலைவது இப்படியான சொற்கள்தான்.

சாட்சியை நம்பலாமா?

மூலத்துக்குப் போனால் அதையும் விசாரிக்க வேண்டும். இப்னு பதூதா இதைக் கண்டது 1326 இல். இப்னு ஜுஸைய் என்ற எழுத்தரிடம் சொல்லி முடித்தது 1355 இல். இடையில் கிட்டத்தட்ட முப்பது வருடம். டமஸ்கஸ் பற்றிய வருணனைகளில் கணிசமானவை, 1184 இல் அங்கு போன இப்னு ஜுபைரின் பயண நூலிலிருந்து எடுத்தவை என்பதை ஆய்வாளர்கள் வரிக்கு வரி ஒப்பிட்டுக் காட்டியிருக்கிறார்கள். இப்னு தைமிய்யா மிம்பரில் உபதேசிப்பதைத் தான் நேரில் கண்டதாகவும் இப்னு பதூதா சொல்கிறார். ஆனால் இப்னு தைமிய்யா அதற்கு முந்திய ஷஃபான் மாதமே கோட்டைச் சிறையில் அடைக்கப்பட்டுவிட்டார்.

அப்படியென்றால் பீங்கான் கதையும் பொய்யா? அவசரப்பட்டு அப்படிச் சொல்ல நான் தயாரில்லை. கதையில் அற்புதம் எதுவுமில்லை. பேர் பெற்ற மனிதர் எவருமில்லை. சொல்பவருக்கு அதனால் எந்த மதிப்பும் கூடவில்லை. டமஸ்கஸ் வக்புகள் நிறைந்த நகரமாக இருந்ததற்கு வேறு ஆதாரங்களும் உண்டு. ஆகவே கதை நடந்திருக்கலாம். ஆனால் ஒரு பயணி ஒரு நாள் ஒரு ஒழுங்கையில் கண்டது என்ற அளவில்தான் அது நிற்கும். அதை வைத்து 'இஸ்லாமிய உலகம் முழுவதும் இப்படித்தான் இருந்தது' என்று சொல்ல முடியாது.

இதே எச்சரிக்கை வேறு கதைகளுக்கும் பொருந்தும். சிரிய அறிஞர் முஸ்தபா அஸ்ஸிபாஈ (1915–1964) இஸ்லாமிய நாகரிகத்தின் சிறப்புகள் பற்றி எழுதிய நூலில் பீங்கான் வக்பு வருகிறது. வயது போன மிருகங்களுக்கான மேய்ச்சல் நிலம் வருகிறது. டமஸ்கஸ் கோட்டை வாசலில் ஒரு பீலியால் பாலும் இன்னொரு பீலியால் சீனித் தண்ணீரும் வர, தாய்மார் வந்து பிள்ளைகளுக்கு எடுத்துப் போக ஸலாஹுத்தீன் ஏற்பாடு செய்தார் என்பதும் வருகிறது. காலனித்துவத்தால் அடிபட்டு எழுந்த ஒரு சமூகத்துக்கு நம்பிக்கை ஊட்ட எழுதிய நூல் அது. அந்த நோக்கத்துக்கு அது பொருந்தும். ஆனால் உற்சாகமூட்ட எழுதியதை நாம் வரலாற்று ஆதாரமாக எடுத்துக்கொண்டோம். பாஸ் நகரத்துக் கரவிய்யீனை 859 இல் பாத்திமா அல் பிஹ்ரி கட்டினார் என்பதையும் இப்படித்தான் சொல்கிறோம். அந்தத் தகவலைத் தரும் நூல் பதினாலாம் நூற்றாண்டில் எழுதியது. பள்ளியைத் திருத்தும்போது கிடைத்த மரப்பலகைப் பொறிப்போ வேறொரு பெயரையும் பிந்திய ஆண்டொன்றையும் காட்டுகிறது. பாத்திமாவை மறுப்பதற்காக இதைச் சொல்லவில்லை. இரண்டு சான்றையும் பிள்ளைகள் முன் வைக்கலாம் என்பதற்காகச் சொல்கிறேன்.

முதல் பத்திரம்

கதைகளை விட்டுவிட்டு வக்புப் பத்திரங்களைப் படிக்கத் தொடங்கினால் வேறொரு உலகம் திறக்கிறது.

எல்லாரும் அறிந்த முன்மாதிரி உமர் (ரலி) அவர்களுடையது. கைபரில் கிடைத்த நிலம் பற்றி நபி (ஸல்) அவர்களிடம் ஆலோசனை கேட்டார்கள். முதலை நிறுத்தி வைத்து விளைச்சலைத் தருமம் செய்யலாம் என்பது பதிலின் கருத்து. விற்கவோ அன்பளிப்பாகக் கொடுக்கவோ வாரிசாக அடையவோ முடியாது என்ற நிபந்தனையோடு ஏழைகள், உறவினர், அடிமை விடுதலை, அல்லாஹ்வின் பாதை, வழிப்போக்கர், விருந்தினர் என்று பயன் பெறுவோர் வரையறுக்கப்பட்டார்கள். நிர்வகிப்பவர் அதிலிருந்து நியாயமான அளவில் உண்ணலாம். அதைக் கொண்டு சொத்துச் சேர்க்கக் கூடாது. புகாரியிலும் முஸ்லிமிலும் உள்ள இந்த அளவை நாம் மேடையில் கேட்டிருக்கிறோம்.

அபூதாவூத் இதற்கு மேலும் ஒன்றைப் பாதுகாத்துத் தந்திருக்கிறார். அந்தப் பத்திரத்தின் வாசகத்தையே பிரதி செய்து சேர்த்திருக்கிறார். எழுதியவர் பெயரும் சாட்சியின் பெயரும் அதில் உண்டு. தனக்கு ஏதும் நேர்ந்தால் இந்தச் சொத்தை யார் நிர்வகிப்பது என்பதும் உண்டு. ஹப்ஸா (ரலி) அவர்கள். தன் ஆயுள் உள்ளவரை அவர். அதற்குப் பிறகு குடும்பத்தில் தகுதியும் கருத்தும் உள்ளவர்கள். அப்துல்லாஹ் இப்னு உமர் போன்ற பேர் பெற்ற ஆண் மக்கள் இருக்கும்போதுதான் உமர் (ரலி) மகளின் பெயரை எழுதினார்கள். எழுதப்பட்ட வக்புப் பத்திரமாக நம் கைக்கு வந்திருக்கும் மிகப் பழையவற்றில் ஒன்று, ஒரு பெண்ணை முத்தவல்லியாக நியமிக்கிறது. இதை எத்தனை குத்பாவில் கேட்டிருக்கிறீர்கள்?

பத்திரத்தை முழுதாகப் படிப்பதென்றால் முழுதாகவே படிக்க வேண்டும். அதே பத்திரத்தில் தோட்டத்தோடு சேர்ந்த அடிமை பற்றியும் வருகிறது. அடிமை விடுதலைக்கும் வக்பு, வக்பு நிலத்தில் வேலை செய்யவும் அடிமை என்று அந்தக் காலம் இரண்டையும் ஒன்றாக வைத்திருந்தது. டமஸ்கஸ் பொடியன் அந்தக் காலத்தின் பிள்ளைதான்.

ஆஸ்பத்திரியும் அதன் கற்களும்

மம்லூக் சுல்தான் கலாவூன் கெய்ரோவில் கட்டிய மருத்துவமனை (ஹிஜ்ரி 683, கி.பி. 1284–85) எங்கட மலர்களில் அடிக்கடி வரும் இன்னொரு பெருமை. பெருமைதான், சும்மா சொல்லக் கூடாது. அதன் வக்புப் பத்திரத்தைப் பார்த்தால் உடம்பு சிலிர்க்கும். ஆண், பெண், பணக்காரர், ஏழை, ஊரவர், பிறத்தியார் எல்லாருக்கும் வைத்தியம். ஒவ்வொரு நோயாளியின் சாப்பாடும் மற்றவருடையதோடு கலக்காமல் தனிப் பாத்திரத்தில், மூடித் தர வேண்டும். வெக்கைக் காலத்தில் நோயாளிகள் விசிறிக்கொள்ள ஈச்ச ஓலை விசிறி வாங்குவதற்கும் காசு ஒதுக்கியிருக்கிறது. ஒரு சுல்தானின் பத்திரம் விசிறிக்கு இடம் வைத்திருக்கிறது என்றால், அதை எழுதியவர்கள் நோயாளியின் கட்டிலருகே நின்று பார்த்தவர்களாக இருக்க வேண்டும்.

ஆனால் அதே கெய்ரோவின் வரலாற்றாசிரியர் அல் மக்ரீஸி (இறப்பு 1442) அந்தக் கட்டடம் எழுந்த விதத்தையும் எழுதி வைத்திருக்கிறார். ஐயூபிய அரச குடும்பத்துப் பெண்கள் இருந்த மாளிகையை அவர்களிடமிருந்து எடுத்தார்கள். ரவ்ழா கோட்டையிலிருந்து தூண்களையும் பளிங்கையும் பிடுங்கிக் கொண்டுவந்தார்கள். வேலைக்குப் பொறுப்பான அமீர், நகரத்துக் கைவினைஞர்கள் வேறு எவருக்கும் வேலை செய்யக் கூடாதென்று தடுத்தார். வழியால் போனவர்களையும் பிடித்துக் கல் சுமக்க வைத்தார். ஓராண்டு சொச்சத்தில் கட்டி முடித்த வேகத்தின் இரகசியம் அதுதான். முடிந்த பிறகு, அநியாயத்தால் எழுந்த கட்டடம் என்று சொல்லி உலமாக்களில் சிலர் அங்கு தொழுவதையே ஆட்சேபித்தார்கள்.

எனக்கு இதில் மிகவும் பிடித்தது, அந்த உலமாக்களின் ஆட்சேபமும் நமது வரலாறுதான் என்பது. விசிறியை எழுதிய பத்திரம் நம்முடையது. கல் சுமக்க வைத்த அமீரைக் கண்டித்த நாவும் நம்முடையது. மறைக்காமல் எழுதி வைத்த மக்ரீஸியும் நம்முடையவர். முன்னோர் தங்கள் பெரிய வக்பையே விமர்சித்திருக்கிறார்கள். நாம் மட்டும் ஏன் வெறும் புகழ்மாலையோடு நின்றுவிட்டோம்?

நோக்கம் கலந்த நன்மை

இப்னு கல்தூன் இன்னும் ஒரு படி போகிறார். கெய்ரோவில் கல்வி ஏன் அவ்வளவு செழித்தது என்று 'முகத்திமா'வில் ஆராயும்போது அவர் தரும் காரணம் இது: துருக்கிய அமீர்கள் தாங்கள் இறந்த பிறகு சொத்தைச் சுல்தான் பறித்துக்கொள்வார் என்று பயந்தார்கள். அதனால் மத்ரஸாக்களையும் தக்கியாக்களையும் கட்டி, நிலங்களை வக்பு செய்து, பிள்ளைகளை நிர்வாகிகளாகவோ பங்காளர்களாகவோ எழுதி வைத்தார்கள். நன்மை செய்யும் விருப்பமும் அதோடு சேர்ந்திருந்தது. இப்படி வக்புகள் பெருகின. மாணவர்களும் ஆசிரியர்களும் பெருகினார்கள்.

பயமும் பாசமும் பக்தியும் ஒரே பத்திரத்தில் கையெழுத்து வைத்திருக்கின்றன என்கிறார் இப்னு கல்தூன். வக்பு என்றாலே தூய தியாகம் என்று மட்டும் சொல்லிக்கொடுக்கும் நமக்கு இது கசக்கும். ஆனால் உண்மையான மனிதர்கள் இப்படித்தான் இருப்பார்கள். இதே வழியால் சில குடும்பங்கள் பெண்மக்களின் வாரிசுப் பங்கைத் தவிர்த்ததும் வரலாற்றில் உண்டு. மறுபக்கத்தில், 1546 ஆம் ஆண்டு இஸ்தான்பூல் வக்புப் பதிவேட்டில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் பெண்கள் ஏற்படுத்திய வக்புகள் என்பதும் உண்டு. சுல்தான் சுலைமானின் மனைவி ஹுர்ரம் சுல்தான் 1550களில் பைத்துல் முகத்தஸில் நிறுவிய அன்னசாலையில், பத்திரப்படி ஒவ்வொரு நாளும் இரு வேளை நானூறு ஏழைகளுக்குச் சாப்பாடு. அந்த அடுப்பு இன்று வரை முழுதாக அணைந்து போகவில்லை. அந்தச் சட்டிக்கு அரிசியும் கோதுமையும் வர வரி கட்டிய கிராமத்தவர்கள் முணுமுணுத்ததும் பதிவேடுகளில் இருக்கிறது.

இப்னு கல்தூன் கெய்ரோவில் வாழ்ந்ததே வக்புக் காசில்தான். அவர் படிப்பித்த ஒரு மத்ரஸாவின் பெயர் 'கம்ஹிய்யா'. அதன் வக்பு நிலத்திலிருந்து சம்பளமாகக் கோதுமை வந்ததால் அந்தப் பெயர். அதே மனிதர் 1384 இல் மாலிகி காழியானபோது, வக்புப் பத்திரங்களில் ஓட்டை தேடிச் சொத்தை விழுங்கியவர்களையும் அதற்குத் துணைபோன பத்திர எழுத்தர்களையும் தண்டித்தார். பகையும் சம்பாதித்துக்கொண்டார்.

சந்திராதித்தவரை

நான் தமிழ் சிறப்புப் பட்டப்படிப்பில் கல்வெட்டுகளை ஒரு பாடமாகப் படித்தவள். கோயிலுக்கும் குளத்துக்கும் கொடுத்த தானங்களைச் சொல்லும் சாசனங்களில் ஒரு ஒழுங்கு இருக்கும். கொடுத்தவர், கொடுத்தது, நாலு எல்லை, இன்ன காரியத்துக்கு என்ற நிபந்தனை, சாட்சிகள், 'சந்திராதித்தவரை' நிலைக்க வேண்டும் என்ற சொல், கடைசியில் ஓம்படைக்கிளவி. இதைக் கெடுப்பவன் கங்கைக் கரையில் காராம்பசுவைக் கொன்ற பாவத்தை அடைவான் என்ற மாதிரியான சாபம் அது.

வக்புப் பத்திரங்களின் அமைப்பும் வியக்கத்தக்க அளவு இதைப் போன்றது. பூமியையும் அதிலுள்ளவர்களையும் அல்லாஹ் அனந்தரமாக எடுத்துக்கொள்ளும் நாள் வரை இது நிலைக்கும் என்ற கருத்தில் காலம் குறிப்பார்கள். நிபந்தனையை மாற்றுபவன் மீது சாபம் இடுவார்கள். ஒன்றிலிருந்து மற்றது வந்தது என்று நான் சொல்லவில்லை. கொடுத்தவன் செத்த பிறகும் கொடை நிலைக்க வேண்டும் என்று எண்ணும் எந்தச் சமூகமும் எழுத்தையும் சாட்சியையும் எல்லையையும் நாடுகிறது. அதற்கு மேலும் மனிதனை நம்பாமல் சாபத்தையும் சேர்த்துக்கொள்கிறது. கொடையின் இலக்கியம் அடிப்படையில் நிபந்தனையின் இலக்கியம். வாகிஃபின் நிபந்தனையைச் சட்ட வாசகத்தைப் போல மதிக்க வேண்டும் என்று பிக்ஹு நூல்கள் சொல்வதும் இதனால்தான்.

எங்கட வளவு

இந்த இடத்தில் என் சொந்தக் கதையைச் சொல்லாமல் போனால் நான் எழுதியது அரைவாசிதான்.

எங்கள் உம்மும்மாவின் உம்மா ஊர்ப் பள்ளிக்கு ஒரு தென்னங்காணி எழுதிக் கொடுத்தார். நோன்பு காலத்தில் கஞ்சி காய்ச்சவும், வழிப்போக்கர்கள் வந்தால் சாப்பாடு கொடுக்கவும் என்று எங்கள் வீட்டில் சொல்லிக் கேட்டிருக்கிறேன். இன்று அந்த வளவில் மரமில்லை; கடைகள் இருக்கின்றன. வாடகை பள்ளியின் பொதுக் கணக்குக்குப் போகிறது. கஞ்சிக்கு ஒவ்வொரு நோன்புக்கும் வீடு வீடாக வசூல் செய்கிறார்கள். யாரும் களவெடுத்ததாக நான் சொல்லவில்லை. லைட் பில்லும் முஅத்தினின் சம்பளமும் அந்த வாடகையில்தான் நடக்கிறது என்பதும் எனக்குத் தெரியும். பத்திரத்தில் என்ன நிபந்தனை எழுதியிருக்கிறது என்று பார்க்க மட்டும் கேட்டேன். "இதுக்குள்ள பொம்புளையள் வராதீங்க, மாப்பிள்ளைய வரச் சொல்லுங்க" என்று பதில் வந்தது. மாப்பிள்ளை போனார். பத்திரம் எங்கே என்று அவர்களுக்கும் தெரியவில்லை.

கொடுத்தவர் ஒரு பெண். கேட்டவளும் ஒரு பெண். ஹப்ஸா (ரலி) அவர்களின் பெயர் எழுதிய பத்திரம் அபூதாவூதில் இருக்கிறது. இதற்கு மேல் நான் எதுவும் சொல்லத் தேவையில்லை.

எங்கட நாட்டில் சட்டம் இல்லாமலில்லை. 1931 ஆம் ஆண்டின் 10 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டமும், 1956 ஆம் ஆண்டின் 51 ஆம் இலக்க வக்புச் சட்டமும், 1982 இன் திருத்தத்தோடு வந்த வக்பு நியாய சபையும் இருக்கின்றன. பள்ளிகள் பதிய வேண்டும், கணக்குக் காட்ட வேண்டும் என்பதெல்லாம் எழுத்தில் உண்டு. கணக்குக் கேட்டால் குழப்பக்காரர் என்று பார்க்கும் மனநிலையைச் சட்டத்தால் மட்டும் மாற்ற முடியாது. அந்த மனநிலைக்கு எங்கட வரலாறு சொல்லும் முறையும் ஒரு காரணம் என்பதே என் வாதம். வக்பு என்றால் இரக்கமும் பெருமையும் மட்டும்தான் என்று கேட்டு வளர்ந்த பிள்ளை, பெரியவனாகி நம்பிக்கையாளர் சபையில் உட்காரும்போது நிபந்தனை, கணக்கு, சாட்சி என்ற சொற்களை எங்கிருந்து எடுப்பான்?

ஒரு ஆட்சேபம் வரும். 'முஸ்லிம்களைக் குறை சொல்ல ஆட்கள் வரிசையில் நிற்கும் காலத்தில் நீங்களும் குறை எழுத வேண்டுமா? பிள்ளைகளுக்குப் பெருமை வேண்டாமா?' நியாயமான கவலைதான். கடந்த சில வருடங்களாக எங்கட பிள்ளைகள் பஸ்ஸிலும் கடைத்தெருவிலும் கேட்ட சொற்கள் எனக்கும் தெரியும். ஆனால் கண்ணீர் கூட்டிச் சொன்ன கதையால் வரும் பெருமை, யாராவது ஒருவர் மூலத்தைத் திறந்து 'அவன் அடிமையல்லவா?' என்று கேட்டதும் சரிந்துவிடும். மூலத்தைத் தானே படித்த பிள்ளை அந்தக் கேள்விக்குப் பயப்படாது. விசிறியையும் சொல்லும், சுமந்த கல்லையும் சொல்லும், ஆட்சேபித்த உலமாவையும் சொல்லும்.

இன்னொரு கேள்வி

இவ்வளவையும் தேடிய பிறகு அந்தப் பிள்ளையைக் கூப்பிட்டு மூலக்கதையைச் சொன்னேன். பீங்கான் எசமானுடையது, பொடியன் அடிமை, துண்டுகளைக் காட்டித்தான் காசு வாங்கினான் என்றெல்லாம் சொன்னேன். கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "அப்ப டீச்சர், பீங்கானுக்கு வக்பு இருந்திச்சு. அவன விடுதலை பண்ணுறதுக்கு அந்த ஊருல வக்பு இருக்கல்லியா?" என்று கேட்டாள்.

இப்னு பதூதாவின் பட்டியலில் சிறைப்பட்டவர்களை மீட்கும் வக்பு இருக்கிறது. அது பெரும்பாலும் எதிரிகளிடம் பிடிபட்டவர்களுக்கானது. வீட்டு வேலை செய்யும் ஒரு சின்ன அடிமைக்கு அந்தக் கதவு திறந்திருக்குமென்று தோன்றவில்லை. ஆனால் உமர் (ரலி) அவர்களின் நிபந்தனைகளில் அடிமை விடுதலை எழுதப்பட்டிருந்தது. எழுநூறு வருடத்துக்குப் பிந்திய டமஸ்கஸில், எசமானின் கோபத்திலிருந்து பொடியனைக் காப்பாற்ற ஒருவர் வக்பு செய்திருக்கிறார். அந்தக் கோபத்துக்கு உரிமை கொடுத்த ஏற்பாட்டை அந்தக் கதையில் எவரும் கேட்கவில்லை. நல்ல மனம் படைத்த இப்னு பதூதாவும் கேட்கவில்லை. பத்தாம் தரப் பிள்ளை கேட்டாள்.

இந்த வருடப் போட்டிக்கும் வக்புதான் தலைப்பாக வர வேண்டும் என்று நான் பிரேரித்திருக்கிறேன். ஒரு நிபந்தனையோடு: பேசுபவர் ஒவ்வொருவரும் தன் குடும்பமோ ஊரோ செய்த ஒரு வக்பைப் பற்றி, யார் கொடுத்தது, என்ன கொடுத்தது, என்னத்துக்காகக் கொடுத்தது என்று விசாரித்து வந்து சொல்ல வேண்டும். வாசகர்களுக்கும் அதே வேண்டுகோள்தான். உங்கள் வீட்டு அலுமாரியில் ஒரு பழைய உறுதி கிடக்கலாம். வயது போன ஒரு மாமியின் ஞாபகத்தில் ஒரு நிபந்தனை கிடக்கலாம். மாமி இருக்கும்போதே கேட்டு எழுதி வையுங்கள். துண்டுகளைப் பொறுக்கிக்கொண்டு போனால்தான் பொறுப்பாளரிடம் எதையாவது கேட்கலாம்.